பதில்: பென் டிரைவில் போட்ட லினக்ஸ் அடிக்கடி உறைகிறது

ஹார்டு டிஸ்க் போன லேப்டாப்பில் 32 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறீர்கள். நாலு டேப் திறந்தாலே உறைகிறது, 4 ஜிபி ராம் போதவில்லையா என்று கேட்கிறீர்கள். ராம் பாதிக் காரணம்தான். பென் டிரைவ் பெரிய ஃபைலை வேகமாக எழுதும். 4 கேபி அளவில் துண்டு துண்டாக எழுதச் சொன்னால் திணறும். பிரவுசர் கேஷும் (பார்த்த பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பு) ஸ்வாப்பும் (ராம் நிரம்பும்போது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) செய்வது அதைத்தான். டிரைவின் விளக்கு விடாமல் மின்னும், மவுஸ் நகரும், கிளிக் மட்டும் வேலை செய்யாது.

பென் டிரைவில் உள்ள ஸ்வாப்பை நிறுத்திவிட்டு இசட்ராம் போடுங்கள்; அது தரவைச் சுருக்கி ராமுக்குள்ளேயே வைக்கும் ஸ்வாப். பலன் அதிகம் இதில்தான். ஃபயர்பாக்ஸ் முகவரிப் பட்டியில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று அடித்துப் போய் 'பிரவுசர்.கேஷ்.டிஸ்க்.எனேபிள்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். எந்த டிஸ்க்கை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், ரூட் (/) வரியில் 'நோஏடைம்' சேர்ப்பதும் கொஞ்சம் உதவும்; ஃபைலைப் படிக்கும்போதெல்லாம் அந்த நேரத்தை எழுதி வைப்பது நின்றுவிடும். யுஎஸ்பி 3 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் இது தற்காலிக ஏற்பாடுதான். தேய்ந்த பென் டிரைவ் திடீரென்று எழுத மறுக்கும், சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் செத்துப்போகும். ஃபைல்களை வேறிடத்தில் நகல் வையுங்கள். ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் நன்றாக இருந்தால் அங்கேயே 2.5 அங்குல எஸ்எஸ்டி மாட்டிவிடலாம். போர்ட்டே போயிருந்தால் அதே எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் செருகும் வெளிப்பெட்டியில் (என்க்ளோஷர்) போட்டு பூட் செய்யுங்கள்.