பசுமை வேதியியல் ஆய்வு: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

என் வேதிவினையின் விளைச்சல் (கணக்குப்படி கிடைக்க வேண்டியதில் உண்மையில் கிடைத்த பங்கு) 92 சதவீதம். கட்டுரையில் ‘பசுமை முறை’, அதாவது கழிவும் நச்சும் குறைந்த முறை, என்று எழுதலாமா?

விளைச்சலை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. பாஸ்பரஸ் சேர்மத்தைக் கொண்டு கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பை உருவாக்கும் விட்டிக் வினையைப் பாருங்கள். சைக்ளோஹெக்சனோனிலிருந்து மெத்திலீன் சைக்ளோஹெக்சேன் செய்கிறீர்கள். விளைச்சல் நூற்றுக்கு நூறு என்றே வையுங்கள். கிடைக்கும் பொருள் 96 கிராம் என்றால், கூடவே 278 கிராம் டிரைபினைல் பாஸ்பீன் ஆக்சைடும் கழிவாக வந்து நிற்கும். உள்ளே போன எடையில் ஏறக்குறைய 26 சதவீதம்தான் பொருளாக மாறியது. 1991இல் வேதியியலாளர் பேரி டிராஸ்ட் ‘அணுச் சிக்கனம்’ என்று முன்வைத்தது இந்தக் கணக்கைத்தான்.

ஈ-காரணி கணக்கிடும்போது கரைப்பானையும் சேர்க்க வேண்டுமா?

சேர்த்தே ஆக வேண்டும். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதே ஈ-காரணி. 1992இல் வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் தந்த அளவுகோல். அவர் பட்டியலில் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கு 0.1க்கும் குறைவு, மருந்துத் தயாரிப்புக்கு 25 முதல் 100 வரை. மருந்துத் துறைதான் மோசம் என்று முகம் சுளிக்கும் முன் நம் மேசையைப் பார்ப்போம். 200 மில்லிகிராம் பொருளைச் சிலிக்கா குழாயில் (சிலிக்காத் தூள் நிரப்பி, கரைப்பானை ஊற்றிக் கலவையைப் பிரிக்கும் குழாய்) பிரிக்க அரை லிட்டர் ஹெக்சேன் ஊற்றினால் அதன் எடை சுமார் 330 கிராம். ஈ-காரணி 1650! சிலிக்காவை நான் இன்னும் எடை போடவில்லை. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்ட அன்று, எங்கே தவறவிட்டேன் என்று இரண்டு முறை சரிபார்த்தேன். படிகமாக்கிப் பிரிக்க முடியும் என்றால் குழாயைத் தொடாதீர்கள். முடியாதென்றால் ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன். ஹெக்சேன் உடலில் மாறி நரம்பைத் தாக்கும்.

தண்ணீரில் வினை நடத்தினேன். அதுவாவது பசுமைதானே?

பொருளை எதைக் கொண்டு பிரித்தெடுத்தீர்கள்? டைகுளோரோமீத்தேன் என்ற கரிமக் கரைப்பானில் மூன்று முறை என்றால், கரைப்பானை ஒழிக்கவில்லை, அடுத்த படிக்குத் தள்ளிவிட்டீர்கள். கரிமப்பொருள் கலந்த அந்தத் தண்ணீரையும் யாராவது சுத்திகரிக்க வேண்டும்.

கரைப்பானாக அயனித் திரவங்களை, அதாவது திரவ நிலையில் உள்ள உப்புகளை, பயன்படுத்தினால்?

எளிதில் ஆவியாகாது என்பது உண்மை. நச்சில்லை என்று அதற்குப் பொருளில்லை. நீண்ட சங்கிலி கொண்ட இமிடசோலிய உப்புகள் நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாதவை.

இதையெல்லாம் தொழிற்சாலைகள் உண்மையில் பின்பற்றுகின்றனவா?

பணம் மிச்சமானால் பின்பற்றும். வலி நிவாரணி ஐபுபுரோபென் முன்பு ஆறு படிகளில் தயாரானது; அணுச் சிக்கனம் 40 சதவீதம். புதிய வழியில் மூன்றே படிகள், 77 சதவீதம். அதற்கு 1997இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது. பழைய வழியில் மலை மலையாகக் கழிவு தந்த அலுமினியம் குளோரைடின் இடத்துக்கு ஹைட்ரஜன் புளூரைடு வந்தது. அதை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் அது பயங்கரமான விஷம். கழிவு குறைந்தது, விபத்தின் ஆபத்து கூடியது. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கும் அளவுகோலை நான் பார்த்ததில்லை. ஆய்வுத் தலைப்பு தேடுபவர்கள் இங்கே தோண்டலாம்.

வேதியியலாளர்கள் அனஸ்தாஸும் வார்னரும் 1998இல் தந்த பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தேர்வு இருந்தால் செய்யுங்கள். ஆய்வகத்தில் முதல் கோட்பாடு போதும்: கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட, உண்டாகாமல் தடுப்பது. கழிவுப் புட்டியைத் தராசில் வைத்து, அந்த எடையையும் விளைச்சலுக்குப் பக்கத்தில் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.