பறை கற்பவர்கள் கேட்டவை: எவ்வளவு பயிற்சி, எதற்கு இத்தனை கறார்?

கேள்வி: அண்ணா, பறை மக்கள் இசைதானே, இயல்பாக அடித்தால் போதாதா? தினமும் பயிற்சி, திருத்தம் என்று ஏன் இவ்வளவு கறார்?

பதில்: தம்பி, நீங்கள் இயல்பு என்று சொல்வது, சின்ன வயதிலிருந்து திருவிழாவிலும் சாவு வீட்டிலும் மணிக்கணக்கில் நின்று அடித்து அடித்துக் கைக்கு வந்த இயல்பு. எழுதி வைத்த பாடமும் தேர்வும் இல்லாததால் பயிற்சியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சாமிச்சாட்டு, தெம்மாங்கு, மாரடிப்பு என்று ஒவ்வொரு அடிக்கும், அதாவது தாள வகைக்கும், தனி நடை உண்டு, கொஞ்சம் பிசகினாலும் ஆடுகிறவருக்குக் கால் தடுமாறும். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்களே, அப்படிப்பட்ட ஆசான்களின் ஆயுள்கால உழைப்பு இது. 'நாட்டுப்புறம்தானே, எப்படி அடித்தால் என்ன' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

கேள்வி: அடி எல்லாம் மனப்பாடம், ஆனால் வேகம் ஏற்றினால் சிதறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் இடது கைதான் காரணம். வலது கையில் இருக்கும் அடிக்குச்சி குட்டை, தடிமன், அதன் சத்தம் நம் காதை நிறைத்துவிடும். இடது கையில் இருக்கும் சிண்டுக்குச்சி மெல்லிய நீள மூங்கில், அது தோலில் சப்பென்று படுக்காமல் நுனி மட்டும் தட்டிவிட்டுப் போனாலும் மெதுவாக அடிக்கும்போது தெரியாது, வேகத்தில்தான் காட்டிக்கொடுக்கும். எனக்கும் இதே குறை இருந்தது. என் ஆசான் அடிக்குச்சியை வாங்கி வைத்துக்கொண்டு பதினைந்து நாள் சிண்டை மட்டும் அடிக்க விட்டார், அழுகையே வந்தது, ஆனால் பதினாறாம் நாள் இரண்டு குச்சியும் சேர்ந்தபோது என் பறையா இது என்று இருந்தது. நீங்களும் தினமும் பத்து நிமிடம் சிண்டு மட்டும் அடியுங்கள். அப்புறம் அடியை வாயால் சொல்லிக்கொண்டே, காலையும் எடுத்து வைத்து, ரொம்ப மெதுவாக அடித்து போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே ஓடுகிறோம் என்று காதே சொல்லிவிடும்.

கேள்வி: ஃபைபர் பறையில் பழகலாமா?

பதில்: வீட்டில் பழகத் தாராளமாக. ஆனால் தோல் பறை ஈரத்தில் தொய்ந்து மந்தமாகும், தீயில் காட்டினால் விறைக்கும். எவ்வளவு காய்ச்சினால் சரியான ஒலி வரும் என்பதும் பயிற்சியில் சேர்த்திதான், அதை ஃபைபரில் கற்க முடியாது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு அக்கா பயிற்சிக்கு வருவதே இல்லை, நிகழ்ச்சிக்கு மட்டும் வருகிறார். நல்ல மனுஷி, எப்படிச் சொல்வது?

பதில்: தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து அடிக்கும்போது ஒருவர் அரை நொடி பிந்தினாலும் பத்துப் பறையும் கலங்கல்தான். வேலை, குழந்தை என்று அவருக்கு என்ன சிரமமோ, கேட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் வர முடியாவிட்டால் இந்த நிகழ்ச்சிக்கு வேண்டாம், அடுத்ததற்குப் பழகிவிட்டு வரட்டும்.