நெட்வொர்க் என்ற ஒரே சொல்லை எத்தனை இடத்தில்தான் எழுதுவது?

கேள்வி: ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த அமைப்புகளைச் சொல்ல ஆங்கிலத்தில் நெட்வொர்க் தவிர வேறு என்ன சொற்கள் உண்டு? எதை எங்கே எழுதுவது?

வெப், மெஷ், கிரிட், லேட்டிஸ், கேஸ்கேட், பிளெக்ஸஸ், நெக்ஸஸ் என்று நிறையவே இருக்கின்றன. அகராதியைப் பார்த்தால் ஒன்றுக்குப் பொருளாக இன்னொன்றைக் கொடுத்திருப்பார்கள், தலை சுற்றும். அதனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்த அமைப்பில் ஒரு இழை அறுந்தால் என்ன ஆகும்? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிய அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் தொழில். கைக்கு வரும் வரைவுகளில் பெரும்பாலும் 'நெட்வொர்க் ஆஃப் டேங்க்ஸ்' என்றுதான் இருக்கும். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் நெட்வொர்க் என்றதும், ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியாகச் சுற்றிப் போய்க்கொள்ளலாம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். கண்மாயில் அது நடக்காது. மேல் கண்மாய் நிறைந்து, மிகுதி நீரை வெளியேற்றும் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோனாலோ, ஆக்கிரமிப்பில் ஒடுங்கிப்போனாலோ, அதற்குக் கீழே உள்ள ஊர்கள் வரிசையாகக் காயும். அடைமழையில் மேல் கரை உடைந்தால், அத்தனை தண்ணீரும் அடுத்த கண்மாயின் கரையில் போய் மோதும். தூர்ந்தது ஒரு ஊரில், வயல் காய்வது நாலு ஊர் தள்ளி.

இதற்கு நீரியல் படித்தவர்கள் 'டேங்க் கேஸ்கேட்' என்பார்கள்; கேஸ்கேட் என்றால் படிப்படியாக ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இறங்குவது. இலங்கையின் குளத் தொடர்களுக்கும் இதே பெயர்தான். இந்தச் சொல்லைப் போட்டுவிட்டால், ஒற்றைக் கண்மாயை மட்டும் தூர்வாரினால் ஏன் போதாது என்று நிதி கொடுப்பவருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. யாருடைய வயலுக்குத் தண்ணீர் போகும் என்பதில் கூட ஒரு சொல்லுக்குப் பங்கு இருக்கிறது. அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கிரிட் என்றால் நேர்கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ஒழுங்கு. சண்டிகரின் செக்டர்கள் கிரிட். மதுரையின் பழைய ஊரையும் சிலர் அப்படி எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக விரியும் ஊர் இது. 'கான்சென்ட்ரிக்' என்ற சொல்தான் இதற்குச் சரி.

மின்சாரத்தில் மட்டும் கிரிட் என்ற பெயர் நிலைத்துவிட்டது, வடிவம் அப்படி இல்லாவிட்டாலும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய கிரிட் சரிந்தது நினைவிருக்கும். ஒரு லைன் துண்டிக்கப்பட, அதன் சுமை அடுத்த லைனுக்குத் தாவ, இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. அதை 'கேஸ்கேடிங் ஃபெய்லியர்' என்கிறார்கள். கண்மாய்க் கரை உடைவதும் இதுவும் ஒரே கணக்கு. தென்னக கிரிட் அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்திருக்கவில்லை, அதனால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்றுதான் இணைத்தார்கள்.

மெஷ், வெப் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மெஷ்ஷில் கண்ணிகள் ஏறக்குறைய ஒரே அளவு. கொசுவலையில் ஒரு இழை போனால் அந்த இடத்தில் ஓட்டை, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். வெப்பில் அளவொழுங்கு தேவையில்லை, ஆனால் ஓரத்தில் தொட்டால் நடுவரை அதிரும். உணவுச் சங்கிலிகள் பல பின்னிக் கிடப்பதை 'ஃபுட் வெப்' என்பது அதனால்தான். டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் தன் திட்டத்தை எழுதியபோது முதலில் மெஷ் என்றுதான் குறிப்பிட்டார். 'மெஸ்' என்று காதில் விழுகிறது என்று அதை விட்டுவிட்டார், 1990இல் வேர்ல்ட் வைட் வெப் ஆனது. லேட்டிஸ் என்பது விறைப்பான சட்டங்களின் பின்னல். பழைய வீடுகளின் மரக் கிராதியை அப்படிச் சொல்லலாம். உப்புப் படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருப்பதும் லேட்டிஸ்தான்.

பிளெக்ஸஸை உடற்கூறியலுக்கே விட்டுவிடுங்கள். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேரும் இடம் 'பிரேக்கியல் பிளெக்ஸஸ்'.

இன்னும் இரண்டு சொற்கள். 'இன்டர்ட்வைன்ட்' என்றால் ஒன்றையொன்று சுற்றியிருக்கிறது, பொறுமையாகப் பிரித்துவிடலாம். 'இன்டர்வோவன்' என்றால் பாவும் ஊடையும் போல, இழையை உருவினால் துணியே போய்விடும். கண்மாயையும் ஊர்க்கோயில் திருவிழாவையும் பற்றி எழுதும்போது நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எழுதுவேன்.

நெக்ஸஸ் மட்டும் பார்த்துப் போடுங்கள். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் அது கள்ளக்கூட்டு என்ற அர்த்தத்திலேயே அதிகம் புழங்குகிறது. தண்ணீர், மின்சாரம், உணவு மூன்றையும் சேர்த்துப் பேசும் ஆய்வுகளில் மட்டும் தாராளமாக எழுதலாம்.