தரம் நான்கில் படிக்கும் மகனுக்கு உடல் எடை அதிகம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை விளையாட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான்காம், ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் படிப்பிக்கிறேன். இதே கேள்வியோடு வரும் பெற்றோர் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

அவனுடைய நாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள்: காலையும் மதியமும் பாடசாலை வான், பின்னேரம் இரண்டு டியூஷன் வகுப்பு, நடுவே ரோல்ஸும் குளிர்பானமும், இரவில் அப்பியாசப் புத்தகம். பிள்ளை வியர்க்க நேரமே இல்லை. மிஞ்சியிருக்கும் விளையாட்டையும் பறித்தால் படிப்புக்கும் அது நட்டம்தான்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 7 முதல் 11 வயது வரையான, எடை கூடிய 171 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. பாடசாலை விட்டபின் சிலரை 20 நிமிடம், சிலரை 40 நிமிடம் என ஏறத்தாழ மூன்று மாதம் ஓடியாட வைத்தார்கள். திட்டமிடும் திறனும் கணித அடைவும் உயர்ந்தன. கூடுதல் நேரம் ஆடியவர்களுக்குப் பலனும் கூடுதல். வாசிப்பில் மாற்றமில்லை. புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுமாறுவதைப் பார்க்கிறேன். வராத கணக்கை விட்டு அடுத்ததற்குப் போகத் திட்டமிட அவர்களுக்கு முடிவதில்லை. எடை கூடிய பிள்ளைகளின் திட்டமிட்டுச் செயற்படும் திறனுக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்றே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட மீளாய்வும் சொல்கிறது. பாடசாலையில் உணவுப் பழக்கத்தைச் சீர்செய்வதும் பொதுவான அடைவுக்கு உதவலாம் என்கிறது.

ஆனால், "மெலிந்தால்தான் புள்ளி வரும்" என்று அவனிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். உடம்பைச் சொல்லிக் கேலி செய்யப்படும் பிள்ளை, விடை தெரிந்தாலும் கை உயர்த்தாது. வகுப்பில் அதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறும். வீட்டிலும் அந்தப் பேச்சு இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

வெள்ளவத்தையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், வகுப்புக்குக் கடலோர வீதியான மரைன் டிரைவ் வழியாக நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். எடையைப் பற்றிப் பேசாமல், வீட்டில் எல்லோரும் அவனோடு சேர்ந்து மாறுங்கள். ரோல்ஸுக்குப் பதில் அவித்த கடலை, முட்டை, வாழைப்பழம். குளிர்பானப் போத்தலில் சிவப்பு நிறக் குறி இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது என்று பொருள், அதை வாங்காதீர்கள்.

இரவில் பலமாகக் குறட்டை விட்டு, வகுப்பில் தூங்கி விழுகிறான் என்றால் குழந்தை நல வைத்தியரிடம் காட்டுங்கள். எடை கூடிய பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதுண்டு. நேரம் போதவில்லை என்றால் இரண்டு வகுப்புகளில் ஒன்றை விடுங்கள். அந்த நேரத்தில் அவன் பந்தடிக்கட்டும்.