பழைய காரில் ஹீட்டர் கோர் ஒழுகினால்: கேள்வி பதில்

அண்ணா நகரிலிருந்து, கான்டெஸா: இடது பக்கம் மேட் தினமும் நனைகிறது. ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

கொஞ்சம் பொறுங்கள் சார். ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக அதன் வழியே ஓடுவதால்தான் ஹீட்டரில் சூடான காற்று வருகிறது. நம்ம ஊர் புழுக்கத்தில் ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது வெளியேறும் குழாயில் தூசி அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசி. நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். கூலன்ட்தான் என்றாலும் கோர் மேல் உடனே பழி போட வேண்டாம். ஹோஸ், கிளிப், ஹீட்டர் வால்வு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

அடையாற்றிலிருந்து, பென்ஸ் டபிள்யூ 123: கோர்தான் ஓட்டை, சோதித்தாகிவிட்டது. சென்னையில் ஹீட்டர் எதற்கு? பைபாஸ் பண்ணிவிடலாமா?

தாராளமாக. அந்த வண்டியில் கோரை எடுக்க டேஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும். நாற்பது வருஷ பிளாஸ்டிக் தொட்டாலே விரிசல் விடும். அதனால் என் ஓட்டு பைபாஸுக்குத்தான்.

இன்ஜின் ஆறிய பிறகு கோருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். பித்தளை ஜாயின்ட், புது கிளிப் போதும். இரண்டு முனையையும் தனித்தனியாக அடைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது சில இன்ஜின்களில் அந்த வழியாகவும் கூலன்ட் சுற்ற வேண்டும். கோரில் மிச்சமிருப்பதை மெதுவாகக் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது தனியாகச் சொட்டும். அப்புறம் கூலன்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்துவிட வேண்டும்.

இழப்பும் உண்டு. ஊட்டி மழையில் கண்ணாடி மங்கினால் ஏசியை வைத்துச் சமாளிக்கலாம். கத்திப்பாரா நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறும்போதுதான் ஹீட்டர் இல்லாதது உறைக்கும். ஹீட்டரை முழுசாகத் திறந்து புளோயரை ஓட்டினால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். வேர்த்துக் கொட்டினாலும் வண்டி பிழைக்கும். பைபாஸ் பண்ணிய வண்டிக்கு அந்த வழி இல்லை. ரேடியேட்டரும் ஃபேனும் கச்சிதமாக இருக்கட்டும்.

தாம்பரத்திலிருந்து: மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்கிறார்களே?

ரேடியேட்டர் ஒழுகி நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர அந்த வைத்தியம் உதவலாம். ஆனால் தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. கோரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடும். பாட்டிலில் விற்கும் லீக் ஸ்டாப்புக்கும் இதே பதில்தான்.

மயிலாப்பூரிலிருந்து, பழைய மாரிஸ்: ஒரிஜினல் கோரைச் சரிசெய்ய முடியுமா?

செம்பு, பித்தளை கோர் என்றால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைப்பார்கள். குழாய்களே அரித்துப்போயிருந்தால் பக்கத்து டேங்குகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கோர் கிடைத்தால், காசு கொடுக்கும் முன் தண்ணீரில் முக்கிக் காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள். குமிழி வந்தால் அடுத்த கடை. எதைப் போட்டாலும் போர் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து அரிப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

பெசன்ட் நகரிலிருந்து, ஃபோக்ஸ்வேகன் பீட்டில்: ஹீட்டரைத் திறந்தால் வாடை வருகிறது. கோர் எங்கே இருக்கிறது?

உங்கள் வண்டியில் கோரே கிடையாது! அது காற்றில் ஆறும் இன்ஜின். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் உள்ளே சூடாக வருகிறது. அங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதைப் பார்த்துச் சரிசெய்யும்வரை ஹீட்டரைத் திறக்காதீர்கள், முதலில் பட்டறைக்குப் போங்கள்.

மீண்டும் அடையாறு: பைபாஸ் பண்ணியும் வாடை போகவில்லை.

கிளைக்கால் தண்ணீர் மாதிரி சீக்கிரம் காயாது. மேட்டைத் தூக்கி, அடியில் ஊறிய ஃபெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். தரையை ஷாம்பு தண்ணீரில் கழுவி வெயிலில் கதவைத் திறந்து வையுங்கள். துரு தெரிந்தால் சுரண்டி பிரைமர் அடித்த பிறகே புது ஃபெல்ட். கண்ணாடியில் உள்பக்கம் படிந்த எண்ணெய்ப் படலத்தையும் சோப்பு போட்டு இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டியிருக்கும்.