ஜிபிஎல் உரிமம் என்றால் என்ன? மாற்றிய மூலநிரலை ஏன் கொடுக்க வேண்டும்?

ஜிபிஎல் (GNU General Public License) என்பது மென்பொருளை இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் அனுமதி தரும் உரிமம். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுப்பவர், அதன் மூலநிரலையும் (நிரலர் எழுதிய வரிகளையும்) அதே உரிமத்தின்கீழ்க் கொடுத்தாக வேண்டும். பொதுவில் விட்டதை ஒருவர் எடுத்து, மெருகேற்றி, பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் இதை வெளியிட்டார்.

சேலத்துத் தட்டுவடை செட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் காரச் சட்னியின் பக்குவத்தை இதே நிபந்தனையோடு தருகிறார் என்று கொள்வோம். அதில் மாங்காய் சேர்த்து வீட்டிலேயே தின்றால் எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் விற்றால், வாங்குபவருக்கு மாற்றிய பக்குவத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். (எம்ஐடி என்ற இன்னொரு மென்பொருள் உரிமம் இவ்வளவு கறார் இல்லை; பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருந்தால் போதும்.)

ஜிபிஎல் மென்பொருளைக் காசுக்கு விற்கவே கூடாது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் விரும்பிய விலைக்கு விற்கலாம் என்று 2007-இல் வந்த அவ்வுரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளிப்படையாகவே கூறுகிறது.