ஓய்வுக்காலச் சேமிப்பு: யாரிடம் ஆலோசனை கேட்பது?

கேள்வி: தனியார் பஞ்சாலையில் பணியாற்றி 60 வயதில் ஓய்வு பெற்றிருக்கிறேன். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து 52 லட்சம் ரூபாய் வந்துள்ளது. வீட்டுச் செலவு மாதம் 32,000 ரூபாய், இ.பி.எஃப். ஓய்வூதியம் 4,500 ரூபாய்தான். ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் ஏழு ஆண்டுகள் பிரீமியம் கட்டும் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும்படி வங்கி அதிகாரி சொல்கிறார். நிதி ஆலோசகராக இருக்கும் உறவினர், கட்டணமே வேண்டாம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். வேறொரு ஆலோசகரோ ஆண்டுக்கு 20,000 ரூபாய் கேட்கிறார். யாரிடம் போவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காப்பீட்டுத் திட்டத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். சம்பளம் நின்றுவிட்ட நிலையில் அதில் சேர்ந்தால், கையிருப்பில் 35 லட்சம் அதற்கே போய்விடும். ஆரம்ப ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டிய பணமும் முழுதாகத் திரும்பாது. ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ரத்து செய்துகொள்ளலாம்.

உறவினரிடம் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். அது ‘ஏ.ஆர்.என்.’ என்று தொடங்கினால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ‘ஐ.என்.ஏ.’ என்று தொடங்கினால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். பின்னவர் உங்களிடம் கட்டணம் மட்டுமே வாங்கலாம், உங்களுக்குப் பரிந்துரைக்கும் திட்டங்களுக்காகக் கமிஷன் பெறக் கூடாது என்பது செபியின் விதி. விநியோகஸ்தர் செய்வதும் முறையான தொழில்தான். ஆனால் அவர் மூலம் ‘ரெகுலர்’ திட்டத்தில் சேரும்போது, அவருக்கான கமிஷன் உங்கள் முதலீட்டிலிருந்தே ஆண்டுதோறும் போகிறது. 20 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஆகிறது. இன்னொருவர் வெளிப்படையாகக் கேட்கும் கட்டணமும் அதுவே. ஆகவே, அவருடைய பதிவைச் செபியின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொண்டு, கட்டணம் கேட்டவரிடமே செல்லுங்கள் என்பது என் கருத்து.

அவர் நல்ல ஆலோசகரா என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். எந்தத் திட்டத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் செலவு, கடன், மருத்துவக் காப்பீடு, மனைவியின் வயது ஆகியவற்றை அவர் விசாரிக்க வேண்டும். கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகும்: அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 25,000 ஆகிறது. மேலும் 7,000 ரூபாய் தேவை. அஞ்சலக மாத வருவாய்த் திட்டத்தில் 9 லட்சத்தைப் போட்டால் 7.4 சதவீத வட்டியில் 5,550 ரூபாய் வரும், பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 32,000 ரூபாய்ச் செலவு பத்து ஆண்டுகளில் 57,000 ரூபாயைத் தாண்டிவிடும். வட்டித் தொகையோ உயராது. மீதமுள்ள 13 லட்சத்தில் அவசர மருத்துவச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது, பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டுகளில் எவ்வளவு போடுவது, அதை எந்த ஆண்டிலிருந்து எடுக்கத் தொடங்குவது என்ற இடத்தில்தான் அவருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்குப் பயன் இருக்கிறது. ஒருமுறை திட்டம் போட்டுக் கொடுத்ததோடு அவர் நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து கணக்கைத் திருத்தித் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

யாரிடம் போனாலும், காசோலையை ஆலோசகரின் பெயரில் எழுதாதீர்கள், நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். எல்லாக் கணக்குகளிலும் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணே பதிவாகியிருக்க வேண்டும். உறவினர் வருத்தப்படுவாரே என்று இவற்றில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவின் மறைவுக்குப் பின் 68 வயதான அம்மாவின் பணத்தை ஆலோசகருடன் பேசி நானே நிர்வகிக்கிறேன். அவரையும் அழைத்துச் செல்வது அவசியமா?
– வாசகி, மதுரை

பதில்: கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். பணம் அவருடையது, சந்தை இறங்கும்போது இரவில் தூங்க முடியாமல் போகப்போவதும் அவர்தான். எவ்வளவு ஏற்ற இறக்கத்தை அவரால் தாங்க முடியும் என்பதை ஆலோசகர் அவர் வாயிலிருந்தே கேட்க வேண்டும். அறிக்கையைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்கு எண்கள், முதிர்வு நாட்கள், வாரிசு நியமனம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அவர் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.